லிஸ்டீரியா எவ்வளவு தாங்கும் என்பதை மரபணு வெளிப்பாடு மட்டும் சொல்லிவிடுமா?

கேள்வி இதுதான். உணவு நுண்ணுயிரியலில் முதுகலை படிக்கும் ஒருவர் உணவு வழியாக நோய் உண்டாக்கும் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸ் என்ற பாக்டீரியாவைக் குளிரிலும் அமிலத்திலும் உப்பிலும் வைத்து, நான்கைந்து மரபணுக்களின் வெளிப்பாட்டை, அதாவது புரதம் உருவாக்குவதற்காக அவற்றிலிருந்து எவ்வளவு எம்ஆர்என்ஏ நகல் எடுக்கப்படுகிறது என்பதை, ஆர்டி-கியூபிசிஆர் என்ற முறையில் அளக்கப் போகிறார். வெளிப்பாடு கூடினால் "இந்தத் திரிபு (பாக்டீரியாவின் இந்த உள்வகை) அதிகம் தாங்கும்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா, இல்லை எல்லா மரபணுக்களின் வெளிப்பாட்டையும் ஒருசேரப் பார்க்கும் ஆர்என்ஏ சீக்வென்சிங்கே செய்தாக வேண்டுமா என்று கேட்கிறார்.

எழுதக் கூடாது. ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்தாலும் அதை மட்டும் வைத்து எழுதக் கூடாது. ஒரு மரபணுவின் வெளிப்பாடு கூடியது என்றால், பாக்டீரியா அந்த நெருக்கடியை உணர்ந்து ஏதோ செய்ய முற்படுகிறது என்பது மட்டுமே உறுதி. அரிசி வாங்கியாயிற்று என்பதால் சோறு வெந்துவிட்டது என்று ஆகாது. தாங்கியதா இல்லையா என்பதைத் உயிரோடு மிஞ்சிய செல்கள் தட்டில் வளர்ந்து உருவாக்கும் காலனிகள்தான் சொல்லும். ஆனால் அந்தக் காலனிகளால் சொல்ல முடியாத ஒன்றை, ஏன் தாங்கியது, எந்த வழியில் தாங்கியது என்பதை, வெளிப்பாட்டு ஆய்வு சொல்லும். இரண்டையும் ஒரே குடுவையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஆய்வுக்கு எடை வரும்.

லிஸ்டீரியாவைத் தேர்ந்தெடுத்தது நல்லது. 4 டிகிரி ஃபிரிட்ஜில் பெரும்பாலான நோய்க்கிருமிகள் வளராமல் நின்றுவிடும். லிஸ்டீரியா ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டு பொறுமையாக வளரும். 10 சதவீத உப்பிலும் வளரும். பி.எச். 4.4 வரை இறங்கினாலும் மற்றவை சாதகமாக இருந்தால் வளரும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்து 200 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பச்சிளம் குழந்தைகள் ஏராளம். பதப்படுத்தும் ஆலையில் குளிர், உப்பு, கிருமிநாசினி என்று நாம் வைக்கும் ஒவ்வொரு தடையும் இந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு நெருக்கடி. அதை அது எப்படிக் கடக்கிறது என்று தெரிந்தால்தான் தடையை எங்கே இறுக்குவது என்று முடிவு செய்ய முடியும். அதனால் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை.

இப்போது சிக்மா பி-க்கு வருவோம். உங்கள் பட்டியலில் முதல் மரபணு அதுவாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஆர்என்ஏ பாலிமரேஸ் எந்த மரபணுக்களின் முன்னால் போய் உட்கார வேண்டும் என்று காட்டுகிற புரதம் சிக்மா காரணி. லிஸ்டீரியாவில் பொதுவான நெருக்கடிக்கான காரணி சிக்மா பி. 1998இல் லிஸ்டீரியாவில் அடையாளம் காணப்பட்டதிலிருந்து இந்தத் துறையின் பாதிப் பேச்சு இதைப் பற்றித்தான். நெருக்கடி இல்லாத நேரத்தில் ஆர்எஸ்பிடபிள்யூ என்ற இன்னொரு புரதம் சிக்மா பி-யைப் பிடித்துக் கட்டிவைத்திருக்கும். அமிலமோ உப்போ வந்தால், ஸ்டிரெஸ்ஸோசோம் என்ற பெரிய புரதக் கூட்டு அதை உணர்ந்து ஒரு சங்கிலியைத் தொடங்கிவைக்கும். அதன் முடிவில் ஆர்எஸ்பிவி என்ற புரதம் பாஸ்பேட்டை இழந்து, ஆர்எஸ்பிடபிள்யூ-வைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். சிக்மா பி விடுபடும்.

இதில் உங்களுக்கு முக்கியமானது ஒன்று உண்டு. கட்டிவைப்பதும் விடுவிப்பதும் புரத அளவில் நடக்கின்றன. எனவே சிக்மா பி மரபணுவின் எம்ஆர்என்ஏவை அளந்து "சிக்மா பி செயல்படுகிறது" என்று சொல்வது தவறான வழி. எம்ஆர்என்ஏ அப்படியே இருக்கும்போதே புரதம் விடுபட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாம். சிக்மா பி இயங்குகிறதா என்று அறிய, அதையே நம்பியிருக்கும் மரபணுக்களை அளக்க வேண்டும். உப்பிலிருந்து செல்லைக் காக்கும் கார்னிட்டைன் என்ற சேர்மத்தை உள்ளே இழுக்கும் கடத்தியின் ஓபியூசிஏ மரபணு அப்படி ஒன்று. எல்எம்ஓ2230 இன்னொன்று. இவை இரண்டும் ஏறியிருந்தால், சிக்மா பி மரபணு நீக்கப்பட்ட மியூட்டன்டில் ஏறாமலும் இருந்தால், அப்போது நம்பிக்கையோடு பேசலாம். மியூட்டன்ட் இல்லாமல் செய்யும் ஆய்வில் "தொடர்பு இருக்கலாம்" என்பதைத் தாண்டி ஒரு சொல்லும் எழுத முடியாது. அதனால் வேறு எதில் சிக்கனம் பிடித்தாலும், மியூட்டன்டைக் கேட்டு வாங்குவதில் பிடிக்காதீர்கள். இத்தனை ஆண்டுகளில் பல ஆய்வகங்கள் உருவாக்கி வைத்திருக்கின்றன. எழுதிக் கேட்டால் கொடுப்பவர்கள் உண்டு.

அடுத்தது, இந்த வகை ஆய்வுகளில் அதிகம் கவனிக்கப்படாமல் போகும் இடம். ஒரு மில்லிக்கு 10 கோடி செல்கள் உள்ள வளர்ப்பை பி.எச். 2.5இல் ஒரு மணி நேரம் வைக்கிறீர்கள், ஒரு லட்சம் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று லாக் குறைவு. அதாவது ஆயிரத்தில் ஒன்று பிழைத்தது. இப்போது அந்தக் குழாயிலிருந்து ஆர்என்ஏ எடுத்தால், அது யாருடைய ஆர்என்ஏ? பெரும்பகுதி செத்துப்போன, செத்துக்கொண்டிருக்கிற 999 செல்களுடையது. பிழைத்த அந்த ஒன்றின் குரல் அந்தக் கூட்டத்தில் கேட்கவே கேட்காது. ஆனாலும் முடிவுரையில் "அமிலத்தைத் தாங்க இந்த மரபணுக்கள் உதவுகின்றன" என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அளந்தது சாகிறவற்றின் கடைசி நிமிடங்களை.

இதைத் தவிர்க்க, கொல்லாத அளவு நெருக்கடியில்தான் ஆர்என்ஏ எடுக்க வேண்டும். லிஸ்டீரியாவை பி.எச். 5.5இல் ஒரு மணி நேரம் வைத்தால் அது சாகாது, தயாராகிக்கொள்ளும். அதன்பின் பி.எச். 3.5க்குக் கொண்டுபோனால், தயாராகாத செல்களைவிட நன்றாகப் பிழைக்கும். அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகத்தில் காலின் ஹில்லும் கோர்மக் கேஹனும் சேர்ந்த குழு 1996இலேயே இந்த அமிலப் பழக்கத்தைக் காட்டிவிட்டது. உங்கள் திட்டத்துக்கு இது ஒரு நல்ல சட்டகம். ஒரே வளர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று பி.எச். 7இல், ஒன்று 5.5இல். ஒரு மணி நேரம் கழித்து இரண்டிலிருந்தும் ஆர்என்ஏவுக்கு ஒரு பங்கு எடுத்துவிட்டு, மீதியை அப்போதே 3.5க்கு மாற்றி, குறிப்பிட்ட இடைவெளிகளில் தட்டில் பரப்பி எண்ணுங்கள். காட்டுத் திரிபுக்கும் (மரபணு நீக்கப்படாத இயல்பான திரிபு) மியூட்டன்டுக்கும் இதையே செய்யுங்கள். வேறு வேறு நாளில் புதிதாக வளர்த்த மூன்று வளர்ப்புகளாவது வேண்டும். ஒரே வளர்ப்பிலிருந்து மூன்று குழாய் எடுப்பது மூன்று தனித்தனி மறுசோதனைகள் ஆகாது.

அமிலம் எது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கிடைத்த முடிவை ஊறுகாய்க்கோ தயிருக்கோ பொருத்த முடியாது. அசெட்டிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தில் பாதி பிரிந்தும் பாதி பிரியாமலும் இருக்கும் பி.எச்.) 4.76, லாக்டிக் அமிலத்தின் பிகேஏ 3.86. ஒரே பி.எச்.இல் இவை இரண்டும் பிரியாத வடிவில் வெவ்வேறு அளவு இருக்கும். செல்லுக்குள் நுழைவது அந்தப் பிரியாத வடிவம்தான்.

அமிலத்துக்கு எந்த மரபணுக்கள் என்றால் கேட் (gad) என்ற மரபணுத் தொகுதியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். குளுட்டமேட் டிகார்பாக்சிலேஸ் என்ற என்சைம் ஒரு குளுட்டமேட்டை காபா என்ற சேர்மமாக மாற்றும்போது செல்லுக்குள் இருக்கும் ஒரு புரோட்டானைச் செலவழித்துவிடும். உள்ளே அமிலத்தன்மை குறையும். லிஸ்டீரியாவின் சில திரிபுகளில் இந்த என்சைமுக்கு மூன்று மரபணுக்கள் உண்டு. கேட்டி1 (gadD1) என்ற மரபணு மிதமான அமிலத்தில் வளர உதவுகிறது. கேட்டி2 கடுமையான அமிலத்தில் உயிர் பிழைக்க உதவுகிறது. ஒன்றை அளந்துவிட்டு இன்னொன்றைப் பற்றி எழுதிவிடாதீர்கள். இந்த என்சைம் வேலை செய்யக் குளுட்டமேட் வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே அளவு வெளிப்பாடு இரண்டு ஊடகங்களில் இரண்டு வேறு பிழைப்பு விகிதங்களைத் தரலாம்.

சரி, ஆர்என்ஏ எடுக்கும் வேலைக்கு வருவோம். பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ பெரும்பாலும் சில நிமிடங்களில் பாதியாகக் கரைந்துவிடும். நெருக்கடிக்கு ஆளான வளர்ப்பை எடுத்து அறை வெப்பத்தில் பத்து நிமிடம் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால், கடைசியில் நீங்கள் அளப்பது சென்ட்ரிஃப்யூஜுக்கு அது காட்டிய எதிர்வினையை. குளிர் ஆய்வில் இது இன்னும் மோசம். 4 டிகிரியில் இரண்டு வாரம் வளர்த்துவிட்டு வெளியே எடுத்து வைத்தால், குழாய் சூடாகும்போதே வெளிப்பாடு மாறத் தொடங்கிவிடும். எனவே குடுவையிலிருந்து எடுத்த கையோடு ஆர்என்ஏ சிதைவை நிறுத்தும் கரைசலில், வழக்கமாக இரண்டு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு வளர்ப்பு என்று, கலந்துவிட வேண்டும். அப்புறம் நிதானமாகச் சுற்றலாம். லிஸ்டீரியா கிராம் பாசிட்டிவ் என்பதால் செல்சுவர் தடிமன். செல்சுவரை அரிக்கும் லைசோசைம் என்சைம் மட்டும் போதாமல் கண்ணாடி மணிகளால் உடைக்க வேண்டி வரும். உடைக்கும்போது சூடாகும் என்பதால் இடையிடையே பனிக்கட்டியில் வையுங்கள். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்ட பிறகும், ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்சைமைச் சேர்க்காத ஒரு கட்டுப்பாட்டு வினையை ஒவ்வொரு மாதிரிக்கும் ஓட்டுங்கள். பாக்டீரிய மரபணுக்களில் இன்ட்ரான் (எம்ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இல்லாததால், மிச்சமிருக்கும் டிஎன்ஏவை பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வடிவமைப்பால் தவிர்க்க வழி இல்லை.

நெருக்கடியில் மாறாது என்று நம்பி மற்றவற்றோடு ஒப்பிடும் ஒப்பீட்டு மரபணுவைத் தேர்ந்தெடுப்பதுதான் கியூபிசிஆரின் உயிர்நாடி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரண நிலையில் ஓபியூசிஏவின் சிடி மதிப்பு (குறி தெரியத் தேவைப்பட்ட சுழற்சிகளின் எண்ணிக்கை; எம்ஆர்என்ஏ கூடினால் இது குறையும்) 24, ஒப்பீட்டு மரபணுவின் மதிப்பு 18, வித்தியாசம் 6. உப்பில் வைத்தபின் ஓபியூசிஏ 21, ஒப்பீட்டு மரபணு 19, வித்தியாசம் 2. ஆறிலிருந்து இரண்டைக் கழித்தால் 4. இரண்டின் நான்காம் அடுக்கு, அதாவது 16 மடங்கு ஏற்றம். இப்போது ஒப்பீட்டு மரபணு 18இலிருந்து 19க்குப் போனது ஏன் என்று கேளுங்கள். குழாயில் போட்ட ஆர்என்ஏ குறைவாக இருந்ததால் என்றால் 16 சரி. உப்பு அந்த மரபணுவையே பாதியாக அடக்கிவிட்டது என்றால் உண்மையான ஏற்றம் 8 மடங்குதான். ஒரே எண்களிலிருந்து இரண்டு முடிவுகள். எனவே ஒரே ஒரு ஒப்பீட்டு மரபணுவை, அதுவும் 16எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவை, "எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்" என்பதற்காக எடுக்காதீர்கள். அது எம்ஆர்என்ஏவைவிடப் பல மடங்கு அதிகம். வளர்ச்சி வேகம் குறையும்போது அதன் அளவும் மாறும். நான்கைந்து மரபணுக்களை உங்கள் நெருக்கடிகளிலேயே சோதித்து, அசையாமல் நிற்கும் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஆர்என்ஏ சீக்வென்சிங்கா, கியூபிசிஆரா? உங்களிடம் தெளிவான கருதுகோள் இருந்தால், உதாரணமாக உப்புப் பழக்கம் சிக்மா பி வழியாக அமிலத் தாங்குதிறனைக் கூட்டுகிறதா என்பதைப் போல ஒன்று இருந்தால், கியூபிசிஆர் போதும். எது நடக்கிறது என்றே தெரியாத இடத்தில் சீக்வென்சிங் வேண்டும். லிஸ்டீரியாவின் ஆய்வு வரலாறே இதற்குச் சான்று. 2001இல் ஈஜிடி-ஈ திரிபின் மரபணுத்தொகுதி வெளியானது. 2,853 புரத மரபணுக்கள். 2003இல் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த மரபணுக்கள் மட்டும் அடங்கிய டிஎன்ஏ சில்லில் (மைக்ரோஅரே) பார்த்தபோது, சிக்மா பி-யை நம்பியவை 55 என்று வந்தது. 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காத்ரின் போர், மார்ட்டின் வீட்மன் குழுவினர் ஆர்என்ஏ சீக்வென்சிங்கில் பார்த்தபோது 96. பல திரிபுகளையும் நிலைமைகளையும் சேர்த்துப் பார்த்த பின் இன்று சுமார் 300 என்று பேசுகிறோம். எந்தத் திரிபு, எந்த வளர்ச்சிக் கட்டம், எந்த நெருக்கடி என்று மாற மாற இந்தப் பட்டியலும் மாறும். அதனால் ஒருவர் 10403எஸ் திரிபில் கண்டதை ஈஜிடி-ஈயிலும் உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதே 2009இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பாஸ்கல் கொசார் குழு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. எலிக் குடலிலும் மனித இரத்தத்திலும் லிஸ்டீரியா எந்தெந்த மரபணுக்களை இயக்குகிறது என்று மரபணுத்தொகுதி முழுவதையும் பரிசோதித்தார்கள். குடலில் சிக்மா பி தலைமை தாங்குகிறது. இரத்தத்தில், நோயுண்டாக்கும் மரபணுக்களை இயக்கும் பிஆர்எஃப்ஏ என்ற புரதம் தலைமை தாங்குகிறது. உணவில் அமிலத்தையும் உப்பையும் தாங்கக் கற்ற அதே ஏற்பாடு, வயிற்றைக் கடந்து குடலில் நிலைகொள்ளவும் உதவுகிறது என்பதன் பொருளை யோசித்துப் பாருங்கள். நாம் உணவில் வைக்கும் மிதமான தடை, கொல்லாமல் விட்டால், பாக்டீரியாவை நம் வயிற்றுக்குத் தயார் செய்து அனுப்புவதாகவும் ஆகலாம். தாங்குதிறன் ஆய்வை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

பிஆர்எஃப்ஏ என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எம்ஆர்என்ஏ இருந்தால் புரதம் இருக்கும் என்ற நம்பிக்கையை உடைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2002இல் இதே பாஸ்டர் குழு காட்டியது: 30 டிகிரியிலும் பிஆர்எஃப்ஏவின் எம்ஆர்என்ஏ உருவாகிறது, ஆனால் அதன் முன்பகுதி மடிந்து, ரைபோசோம் உட்காரும் இடத்தை மறைத்துக்கொள்கிறது. 37 டிகிரியில் அந்த மடிப்பு அவிழ்ந்த பின்னரே புரதம் உருவாகிறது. கியூபிசிஆர் இந்த மடிப்பைப் பார்க்காது. குளிர் ஆய்வில் வேறொரு சிக்கலும் சேரும். குளிரில் பல எம்ஆர்என்ஏக்கள் மெதுவாகச் சிதையும். அளவு கூடியிருப்பது மரபணுவிலிருந்து அதிகம் நகலெடுக்கப்பட்டதாலா, குறைவாகச் சிதைந்ததாலா என்பதை ஒரே ஒரு நேரப்புள்ளி சொல்லாது.

எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். நெருக்கடியே வராமல், வெளிப்பாடு நிரந்தரமாக உயர்ந்து கிடக்கும் திரிபுகளும் உண்டு. நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் எல்ஓ28 திரிபை அமிலத்தில் வைத்து, கடைசிவரை மிஞ்சிய சில செல்களை வளர்த்தெடுத்தார்கள். அவற்றில் சில, தலைமுறை தாண்டியும் அமிலத்தைத் தாங்கின. காரணம் ஆர்பிஎஸ்யூ என்ற ரைபோசோம் புரத மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். அமிலத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத ஒரு மரபணு! வெளிப்பாட்டைப் பார்த்தபோது சிக்மா பி-யின் கீழ் உள்ள மரபணுக்கள் தூண்டுதல் இல்லாமலேயே உயர்ந்திருந்தன. அதற்குக் கொடுத்த விலை, மெதுவான வளர்ச்சி. பின்னர் வேகமாக வளர்பவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனபோது, அதே ஆர்பிஎஸ்யூவில் இன்னொரு மாற்றம் வந்து, வேகம் திரும்பியது, தாங்குதிறன் குறைந்தது. வெளிப்பாடு, மரபணு மாற்றம், பிழைப்பு எண்ணிக்கை, வளர்ச்சி வேகம் நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கிற இந்த வரிசையை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டு உங்கள் திட்டத்தை எழுதுங்கள்.

இன்னொரு பக்கம், வெளிப்பாடு கிட்டத்தட்ட அணைந்துபோய்த் தாங்குவதும் உண்டு. 2008-09இல் அமெரிக்காவில் நிலக்கடலை வெண்ணெய் வழியாகப் பரவிய சால்மோனெல்லாவால் 714 பேர் நோயுற்று 9 பேர் இறந்தார்கள். நீர் இல்லாத உணவில் சால்மோனெல்லா வளராது. ஆனால் மாதக்கணக்கில் கிடக்கும். சால்மோனெல்லா என்டெரிட்டிடிஸைக் கடலை எண்ணெயில் வைத்து ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்து 2012இல் வெளியான ஆய்வில், மரபணுத்தொகுதியில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே ஆர்என்ஏவாக நகலெடுக்கப்பட்டிருந்தது. சாதாரண ஊடகத்தில் அது 78 சதவீதம். இங்கே "எந்த மரபணு ஏறியது" என்று மட்டும் தேடியிருந்தால், அடங்கிக் கிடப்பதால் பிழைக்கிறது என்ற முக்கியச் செய்தி கையை விட்டுப் போயிருக்கும். இப்படி மொத்த ஆர்என்ஏவே சரிந்துபோகும் நிலைமையில், மாதிரிகளை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் வழக்கமான நார்மலைசேஷன் கணக்குகளும் ஏமாற்றும். பெரும்பாலான மரபணுக்கள் மாறவில்லை என்ற அனுமானத்தில்தான் அவை நிற்கின்றன. அப்படிப்பட்ட ஆய்வுக்கு, தெரிந்த அளவு வெளி ஆர்என்ஏவை ஒவ்வொரு மாதிரியிலும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

ஊடகத்தில் செய்வதா, உணவிலேயே செய்வதா என்றும் யோசித்திருப்பீர்கள். உணவில் செய்வது கடினம். சமைக்காமல் அப்படியே உண்ணும் உணவுகளில் பலவற்றுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு ஒரு கிராமுக்கு 100 காலனி. ஆர்என்ஏ சீக்வென்சிங்குக்குப் பொதுவாகக் கோடிக்கணக்கான செல்கள் வேண்டும். எனவே நிஜத்தில் இருக்கும் அளவைவிடப் பல்லாயிரம் மடங்கு செல்களை நாமே உணவில் செலுத்துகிறோம். கொழுப்பும் புரதமும் ஆர்என்ஏவோடு சேர்ந்தே வரும். உணவிலிருக்கும் மற்றப் பாக்டீரியாக்களின் ஆர்என்ஏவும் வரும். முதுகலைக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்றால் ஊடகத்தில் ஆழமாகச் செய்துவிட்டு, பிழைப்பு எண்ணிக்கையை மட்டும் பாலிலோ பாலாடைக்கட்டியிலோ ஒருமுறை சரிபாருங்கள். அது நேர்மையான ஆய்வாகவே இருக்கும்.

சீக்வென்சிங்குக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் மூலத்தரவு அமெரிக்க அரசின் என்சிபிஐ மையம் நடத்தும் ஜியோ என்ற தரவுச் சேமிப்பில் இலவசமாகக் கிடக்கிறது. லிஸ்டீரியாவுக்கென்றே லிஸ்டீரியோமிக்ஸ் என்ற தளத்தை பாஸ்டர் நிறுவனத்தார் உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் நான்கைந்து மரபணுக்கள் வெவ்வேறு நிலைமைகளில் எப்படி நடந்துகொண்டன என்று அங்கே ஒரு மாலை உட்கார்ந்து பார்த்தால், பட்டியலில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்துவிடும். சாதாரண வளர்ப்பிலேயே உச்சத்தில் இருக்கும் மரபணுவை எடுத்துவிட்டு, நெருக்கடியில் ஏறவில்லையே என்று பிறகு கவலைப்பட வேண்டியிருக்காது.

தொடங்கும் முன் வழிகாட்டியிடம் பாதுகாப்பு பற்றிப் பேசிவிடுங்கள். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீனஸுக்கு உயிரிப் பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம் வேண்டும். நோய் வெளிப்பட 70 நாள் வரைகூட ஆகலாம். கருவுற்றவர்களுக்கு இது கருவையே பறித்துவிடக்கூடிய கிருமி. ஆய்வகத்தில் யாராவது கருவுற்றிருந்தால், அல்லது நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் இந்த வளர்ப்புகளின் பக்கம் வராதபடி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வசதி இல்லாத ஆய்வகம் என்றால் லிஸ்டீரியா இன்னோகுவாவில் முறைகளைப் பழகுங்கள். அது மனிதரைப் பொதுவாக நோய்ப்படுத்தாது. சிக்மா பி அதிலும் உண்டு. ஆர்என்ஏ எடுப்பது, ஒப்பீட்டு மரபணுக்களைச் சோதிப்பது, அமிலப் பழக்கச் சோதனை மூன்றையும் அதில் முடித்துக்கொண்டு, மோனோசைட்டோஜீனஸ் பகுதியை மட்டும் வசதியுள்ள இடத்தில் போய்ச் செய்யலாம்.